பள்ளி லேபில் கம்ப்யூட்டரும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இப்போது ஹைடெக் லேப் என்றால் தெரியாத பிள்ளை இல்லை. அப்படி ஒரு அறைக்குப் பொறுப்பான கம்ப்யூட்டர் வாத்தியார் என்ற முறையில், பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பலர் எதிர்பார்ப்பது 'இந்தத் தளம் நல்லது, அந்தத் தளம் கெட்டது' என்ற பட்டியல். அது இங்கே இல்லை. என்னிடம் வரும் பஞ்சாயத்துகளில் கெட்ட தளத்தால் வந்தது குறைவு. அடுத்தவர் கணக்கு, அடுத்தவர் போட்டோ, அடுத்தவர் எழுதியது, இவற்றில் ஒன்றைத் தன்னுடையதுபோல எடுத்துக்கொண்டதால் வந்ததுதான் அதிகம். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

லேபுக்குள் என்னென்ன கூடாது?

செருப்பு, சாப்பாடு, தண்ணீர் பாட்டில். கரண்ட் போனதும் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தால், செய்த வேலையைச் சேமித்துவிட்டு முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். கேபிளைக் கழற்றி மாற்றிச் செருகும் ஆராய்ச்சியும் வேண்டாம். மற்றதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது.

வேலை முடிந்ததும் பிரவுசரை மூடிவிட்டேன். அது போதாதா சார்?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பிரவுசரை மூடுவது வேறு, கணக்கிலிருந்து வெளியேறுவது வேறு. ஜிமெயிலில் நுழைந்தால் அந்தத் தளம் 'இவர் இன்னார்' என்று ஒரு சிறு அடையாளத்தை அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிடும். குக்கீ என்பது அதுதான். சன்னலை மூடினாலும் அது அங்கேயே இருக்கும். அடுத்த பீரியடில் அதே இருக்கையில் உட்காரும் பிள்ளை ஜிமெயில் என்று தட்டினால் நேராக உங்கள் இன்பாக்ஸ் திறக்கும். கடவுச்சொல் தேவைப்படாது.

இதிலும் மோசமானது ஒன்று உண்டு. ஜிமெயிலில் மட்டும் நுழையாமல், குரோம் பிரவுசருக்கே உங்கள் கணக்கைக் கொடுத்து, ஒத்திசைவுக்கும் (சிங்க்) 'சரி' என்று தட்டிவிட்டால், வீட்டுப் போனில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், பார்த்த தளங்களின் வரலாறு எல்லாம் லேப் கம்ப்யூட்டருக்கு இறங்கி வந்துவிடும். அண்ணன் போனிலிருந்து வந்த கணக்கு என்றால் அண்ணனுடையதும் சேர்ந்து வரும். பிரவுசர் மேல் மூலையில் உங்கள் முகமோ பெயரின் முதல் எழுத்தோ வட்டத்துக்குள் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

செய்ய வேண்டியது இது. குரோமில் 'விருந்தினர்' பயன்முறையைத் திறந்து வேலை பாருங்கள். அந்தச் சன்னலை மூடியதும் அடையாளம், வரலாறு எல்லாம் போய்விடும். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று கேட்டால் 'ஒருபோதும் வேண்டாம்' என்று கொடுங்கள். எழுந்து போகும் முன் வெளியேறு பட்டனைத் தட்டுங்கள்.

மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் பதற வேண்டாம். போனில் கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள் 'பாதுகாப்பு' பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்று இருக்கும். லேப் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்தே வெளியேற்றலாம். வாட்ஸ்அப் வெப் என்றால் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் பாருங்கள்.

இன்காக்னிட்டோவில் (வரலாற்றைச் சேமிக்காத பிரவுசர் சன்னல்) பார்த்தால் யாருக்கும் தெரியாதாமே?

அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருபவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பள்ளியின் இணைப்பு வழியாகத்தானே போகிறீர்கள்? எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அந்த இணைப்பை நிர்வகிப்பவருக்குத் தெரியக்கூடியதே.

கடவுச்சொல் எப்படி வைப்பது? மாதாமாதம் மாற்ற வேண்டுமா?

மாதாமாதம் மாற்றச் சொல்வது பழைய பழக்கம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்வதை 2017-லேயே கைவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாக்குவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மற்றபடி நீளம்தான் முக்கியம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். புளியமரம், ஸ்கூட்டர், ஏழு, வாளி என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள், இப்போது ஊருக்கே தெரியும்.) பிறந்த தேதி, அப்பாவின் போன் எண், பிடித்த நடிகர் பெயரோடு 123, இவை மூன்றையும் உங்கள் வகுப்பில் யாரும் ஐந்து நிமிடத்தில் ஊகித்துவிடுவார்கள். பள்ளியில் முதன்முதலாகக் கொடுக்கும் கடவுச்சொல் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) எண்ணையோ பிறந்த ஆண்டையோ ஒட்டி இருந்தால், மாற்ற வழியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் நோட்டு என்றால் தாராளமாக. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் என்றால் கூடாது.

நானும் என் தோழியும் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். எங்களுக்குள் ஒளிவுமறைவே இல்லை.

சண்டை வரும்வரை இல்லை. அப்புறம் உங்கள் பழைய சாட் முழுவதும் அவர் கையில். அவருடையது உங்கள் கையில். நட்பை வேறு எப்படியாவது காட்டிக்கொள்ளுங்கள்.

நண்பன் இன்ஸ்டாகிராமைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். விளையாட்டுக்கு அவன் பெயரில் ஒரு வரி போட்டால் என்ன?

பையன்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி. போட்டபிறகுதான் கேட்பார்கள் என்பது வேறு கதை.

அந்த வரி அவன் சொன்னதாகத்தான் ஊர் நம்பும். ஒரு பெண்ணின் பெயரை இழுத்து எழுதினால் இரண்டு வீடுகளில் பிரச்சினை. விளையாட்டு எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது நீங்களும் இல்லை, நானும் இல்லை. அடுத்தவரின் கடவுச்சொல்லையோ வேறு மின்னணு அடையாளத்தையோ ஏமாற்றும் எண்ணத்தோடு பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். போகாமலே விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

திறந்து கிடக்கும் கணக்கைப் பார்த்தால் வெளியேறு என்பதைத் தட்டிவிட்டு, அவனிடம் சொல்லுங்கள். படிக்கக்கூட வேண்டாம்.

வீட்டிலிருந்து பென் டிரைவ் கொண்டுவரலாமா?

என்னிடம் காட்டி, ஸ்கேன் செய்தபிறகு மட்டும். ஜெராக்ஸ் கடையில் ஒரு முறை செருகி எடுத்த பென் டிரைவ் அங்கே வந்துபோன எல்லாருடைய வைரஸையும் சுமந்து வரும். உள்ளே இருக்கும் கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரிந்தால் எதையும் இரட்டைச் சொடுக்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும், மீட்கலாம். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கினால்தான் வைரஸ் கம்ப்யூட்டருக்குத் தாவும். அங்கிருந்து அடுத்து செருகும் ஒவ்வொரு பென் டிரைவுக்கும் போகும்.

கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் வெளியே பிரவுசிங் சென்டரில்தான் போடுகிறோம். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

பள்ளிக்கு வெளியே நடப்பதுதான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லேபைவிட இங்கேதான் ஆபத்து அதிகம்.

எந்த பிரவுசிங் சென்டரிலும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று முன்பின் தெரியாத குடும்பங்களின் காகிதமெல்லாம் வரிசையாகக் கிடக்கும். நேற்று நீங்கள் பிரிண்ட் எடுத்ததும் அதில் இருக்கும். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அழிக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

'ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே' என்பீர்கள். அந்தக் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, கூடவே பிறந்த ஆண்டு. பக்கத்திலேயே உங்கள் மதிப்பெண் பட்டியல் கிடக்கிறது, அதில் இரண்டுமே இருக்கிறது. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டு வந்த மாதிரி.

அதனால், முழு எண்ணும் தேவையில்லாத இடங்களுக்கு மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள். ஆதார் தளத்தில் பதிவிறக்கும்போதே அந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். பிரிண்ட் எடுத்தபின் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்துங்கள். வெறும் டெலீட் குப்பைத்தொட்டிக்குத்தான் அனுப்பும். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தால், அங்கே நிற்கும்போதே 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்துவிட்டு, 'அண்ணா, கம்ப்யூட்டர்ல இறக்குனதையும் அழிச்சுடுங்க' என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் உங்கள் எண்ணுக்குப் பதிலாகத் தன் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ சில கடைகளில் போட்டுவிடுவார்கள், ஓடிபி சீக்கிரம் வரும் என்று. அப்புறம் கலந்தாய்வு நேரத்தில் வரும் செய்தியெல்லாம் அவருக்குப் போகும். சமர்ப்பிக்கும் முன் அந்த ஒரு கட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல்.

லேபில் பல தளங்கள் திறக்கவில்லை. விபிஎன் (தடையைத் தாண்டி வேறு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் செயலி) போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஆனால் உங்கள் எரிச்சல் நியாயமானது. தளங்களைத் தடுக்கும் வடிகட்டிகள் முட்டாள்தனமாக நடந்துகொள்வது உண்டு. உயிரியலில் இனப்பெருக்கம் பற்றித் தேடினால் தடுத்துவிடும், சூதாட்ட விளம்பரம் மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். பாடத்துக்குத் தேவையான பக்கம் திறக்காவிட்டால் முகவரியை எழுதிக் கொடுங்கள், திறந்துவிட வழி பார்க்கலாம்.

இலவச விபிஎன் ஏன் வேண்டாம் என்றால், அதுவரை பள்ளி இணைப்பு வழியாகப் போனதெல்லாம் இனி பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும். அவர்களுக்கும் மின்கட்டணம் உண்டு. காசு வாங்காமல் எதை விற்று அதைக் கட்டுகிறார்கள் என்று யோசியுங்கள்.

விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து எழுதலாமா?

படிக்கலாம், எடுத்தாளலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அதன் கட்டுரைகள், மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் இருக்கின்றன. கூகுளில் கிடைக்கும் படங்கள் அப்படியல்ல, பெரும்பாலானவற்றுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. வகுப்பில் பாடம் நடத்தவும் படிக்கவும் எடுத்தாள 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவில் சலுகை தருகிறது. அதே படத்தைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிடும்போதோ யூடியூபில் ஏற்றும்போதோ அந்தச் சலுகையை நம்பாதீர்கள்.

விக்கிப்பீடியாவில் யாரும் திருத்தலாம் என்பதால் ஊர்ப் பெயர்க் கட்டுரையில் நண்பன் பெயரைப் 'புகழ்பெற்றவர்கள்' பட்டியலில் சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பல பள்ளிகளில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வெளியே தெரியும் ஐபி முகவரி (இணையத்தில் அந்த இணைப்பின் அடையாள எண்) ஒன்றே. ஒருவர் செய்யும் குறும்புக்கு அந்த முகவரியைத் தடை செய்தால், நாளைக்கு உருப்படியாக ஒரு திருத்தம் செய்ய நினைக்கும் பிள்ளையாலும் முடியாது.

சாட்ஜிபிடியிடம் கேட்டு வீட்டுப்பாடம் எழுதினால் கண்டுபிடிப்பீர்களா?

மென்பொருளை வைத்துக் கண்டுபிடிக்க முயல மாட்டேன். அந்தக் கருவிகளை நம்புவதற்கில்லை. சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கத் தான் கொடுத்த கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதியதை இப்படிப்பட்ட கருவிகள் 'இயந்திரம் எழுதியது' என்று தவறாகச் சொல்வது அதிகம் என ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். நம் பிள்ளைகள் எல்லாருமே அந்த வகையில் வருவார்கள். நேர்மையாக எழுதியவரைத் திருடன் என்று சொல்லும் கருவி எனக்கு வேண்டாம்.

நான் செய்வது எளிது. ரெக்கார்டு நோட்டில் இருக்கும் பைதான் புரோகிராமில் ஒரு வரியைக் காட்டி, 'இந்த இடத்துல ரேஞ்ச் அஞ்சுனு இருக்கே, ஆறுனு மாத்துனா என்ன வரும்?' என்பேன். எழுதியவர் யோசித்துச் சொல்வார், தப்பாகச் சொன்னாலும் யோசித்தது தெரியும். எழுதாதவர் என் முகத்தைப் பார்ப்பார்.

என் வகுப்பில் இப்படி வைத்திருக்கிறேன். புரியாத பாடத்தை விளக்கச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் புரோகிராமில் பிழை எங்கே என்று கேட்கலாம். தேர்வுக்கு முன் 'என்னைக் கேள்வி கேள்' என்று சொல்லிப் பயிற்சி எடுக்கலாம், இது உண்மையிலேயே நல்ல பழக்கம். அது எழுதிக் கொடுத்ததை உங்கள் பெயரில் கொடுக்கக் கூடாது. எதற்குப் பயன்படுத்தினாலும் ஓரத்தில் ஒரு வரி குறிப்பிடுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எச்சரிக்கை ஒன்று. தெரியாததையும் அது தெரிந்த மாதிரியே சொல்லும். குறள் கேட்டால் எண்ணை மாற்றிச் சொல்வதோடு, சில நேரம் வள்ளுவர் எழுதாத குறளையே எழுதிக் கொடுக்கும். இருப்பது 1330. தமிழையா கையில் 1331-ஆவதைக் கொடுத்துவிட்டு என்னைத் தேடி வராதீர்கள்.

வீட்டுச் சண்டை, உடல்நலம், தோழியின் ரகசியம் போன்றவற்றையும் அதில் தட்டச்சு செய்யாதீர்கள். அடுத்தவர் ரகசியத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. கேட்பது மனிதரா இயந்திரமா என்பதெல்லாம் அப்புறம்.

எத்தனை வயதில் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்?

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டும் 13 என்கின்றன. நம் நாட்டில் கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்கவும் 13. இந்த எண் குழந்தை உளவியலிலிருந்து வந்ததல்ல. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று அமெரிக்கா 1998-ல் சட்டம் போட்டது, நிறுவனங்கள் அதையே உலகத்துக்கெல்லாம் கோடாக வைத்துக்கொண்டன.

நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது. பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்தே அவர்கள் தகவலைக் கையாள வேண்டும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதற்கே தடை போட்டுவிட்டது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்கு திறப்பது எனக்குத் தெரியும். பொய் சொன்னது மட்டும் அதில் பிரச்சினை இல்லை. உங்களை 21 வயது என்று நம்பும் செயலி 21 வயதுக்காரருக்குக் காட்டுவதைக் காட்டும், யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்ப விடும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சார் போட்டோவை ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். அட்மின் நான்தான், நான் மாட்டுவேனா?

உங்களை உடனே பிடித்துப் போகப் போவதில்லை. ஆனாலும் அட்மின் என்ற அதிகாரம் இருக்கிறதே, அந்தச் செய்தியை எல்லாருக்கும் நீக்குங்கள். போட்டவரிடம் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் வைத்துத் திட்டினால் இன்னும் பத்து ஸ்டிக்கர் வரும். அந்த ஸ்டிக்கர் என்னுடையதாக இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்பிவிட்டு அழியுங்கள். ஆனால் ஒரு பெண் பிள்ளையின் படமோ, ஒருவருடைய சாதியையோ உடலையோ கிண்டல் செய்வதோ என்றால் அது சிரிப்பு கணக்கில் வராது. வகுப்பு ஆசிரியருக்கு அன்றே தெரிய வேண்டும்.

பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினால் 66ஏ பிரிவில் கேஸ் போடுவோம் என்று ஒருவர் மிரட்டினார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. உண்மையை, யாரையும் அசிங்கப்படுத்தாமல், எழுதலாம். முதலில் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுப்பது சீக்கிரம் பலன் தரும் என்பது என் அனுபவம். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது.

ஒருவன் என் படத்தை மாற்றி ஆபாசமாக்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

முதலில், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நீங்களே அனுப்பிய நிஜப் படமாக இருந்தாலும் மிரட்டுவது அவன் குற்றம்.

பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படம் அனுப்பாதீர்கள். கொடுத்ததும் நிறுத்துவான் என்று தோன்றும். கொடுக்கிற ஆள் என்று தெரிந்ததும் திரும்ப வருவான். கோபத்தில் சாட் முழுவதையும் அழித்துவிடாதீர்கள். அவன் அனுப்பிய மிரட்டல் வரிகள், கணக்கின் பெயர், போன் எண், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் பிளாக் செய்யலாம்.

நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அம்மாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், ஏதாவது ஒரு டீச்சராக இருக்கலாம். வீட்டில் சொல்லவே முடியாது என்றால் 1098-க்கு அழையுங்கள், அது குழந்தைகளுக்கான உதவி எண், கட்டணம் கிடையாது. சைபர் குற்றப் புகாருக்கு 1930 எண்ணும் மத்திய அரசின் சைபர் குற்றத் தளமும் உள்ளன. பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசக் குற்றங்களை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்கு முன் எடுத்த படத்துக்கு இது உதவும். படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கான ஓர் எண் கைரேகை உருவாகி, அது மட்டும் போகும். பங்கேற்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

படம் கைக்கு வந்த மற்றவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஆதாரத்துக்காக' என்றுகூட அதை ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஸ்டாஃப் குழுவில் போடாதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தை வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. வெறுமனே போனில் இறக்கி வைத்துப் பார்த்தது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 'வந்தது, அப்படியே கிடந்தது' என்ற சமாதானம் செல்லாது. ஆசிரியர்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி இப்படி ஒன்று தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிப் பெயர் கெடும் என்று மூடி மறைப்பதுதான் சட்டப்படி குற்றம்.

'கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது' என்று போன் வந்தது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள்.

அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நடந்த மோசடி இது, போலீஸும் எச்சரித்திருக்கிறது. பேசிக்கொண்டே வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும் என்பார்கள். பணம் வருவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. பின் போட்டால் பணம் போகும். போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930. சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

பேசாமல் போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் என்ன சார்?

வைக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணன் போனில் பிள்ளை பார்க்கும். பிள்ளை ஒரு பிரச்சினையைச் சொன்னதற்காகப் போனைப் பிடுங்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது.

இந்த விதியெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா? சார், டீச்சருக்குக் கிடையாதா?

உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எமிஸில் விவரம் ஏற்றும் வேலை மலைபோல் குவியும்போது, நன்றாகக் கம்ப்யூட்டர் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையனை அழைத்துத் தன் கணக்கைத் திறந்துகொடுத்து 'இதை மட்டும் ஏத்திடுப்பா' என்பது பல பள்ளிகளில் சாதாரணம். அந்தக் கணக்குக்குள் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் பிறந்த தேதி, சாதி, பெற்றோரின் கைபேசி எண் என்று சகலமும் இருக்கிறது. மேலே மோசடிக்காரர் பிள்ளை பெயரைச் சரியாகச் சொன்னார் அல்லவா? அந்த மாதிரி விவரம் வெளியே போக இப்படியும் வழி திறக்கும். பையனைக் குறை சொல்ல முடியாது. வேலை ஆசிரியருடையது, கடவுச்சொல்லும் ஆசிரியருடையது.

தேர்வு முடிவு வந்ததும் எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகப் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போடுவதும் கூடாது. முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவரின் மதிப்பெண் அடுத்த வீட்டுக்காரருக்கு எதற்கு? பிள்ளைகள் விழாவில் ஆடிய வீடியோவைப் பெற்றோரிடம் கேட்காமல் ஸ்டேட்டஸ் வைப்பதும் அப்படித்தான்.

'டீச்சர், உங்க கணக்கை நான் திறக்க மாட்டேன், நீங்க பக்கத்துல உக்காந்தா சொல்லித் தர்றேன்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது எதிர்த்துப் பேசுவது ஆகாது. அப்படிச் சொன்னதற்காக யாராவது திட்டினால் என்னிடம் அனுப்பிவிடுங்கள். மதிய இடைவேளையில் லேபில்தான் இருப்பேன்.